முதலில் குதிரைக்குச் சாப்பாடு

இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், கிராமத்துச் சாலைகளில் குதிரை ஏற்றிய டிரெய்லர்களின் நடமாட்டம் கூடிவிடும். பின்னால் பெட்டியில் மட்டக்குதிரை. முன்னால் காரில் எட்டு, பத்து வயதுப் பிள்ளை, மடியில் தலைக்கவசம். 'போனி கிளப் கேம்ப்' கிளம்பிவிட்டது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கிளப்பின் சில கிளைகளில் மூன்று நாள் முகாம், சிலவற்றில் ஒரு வாரம். சின்னப் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார்கள். பெரிய பிள்ளைகள் கூடாரத்திலோ, வந்த குதிரை லாரியிலோ படுத்துக்கொள்வார்கள்.

போனி கிளப் 1929-இல் தொடங்கியது. மோட்டார் வண்டிகள் குதிரைகளைச் சாலையிலிருந்து ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. குதிரையேற்றக் கலை அழிந்துவிடக் கூடாது என்று ஏற்பட்ட ஓர் அமைப்பு, தன் சிறுவர் பிரிவாக இதைத் தொடங்கியது. இன்று அது தனி அறக்கட்டளை. பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஆண்டு முழுக்க ஏதேதோ நடந்தாலும், உறுப்பினர்களைக் கேட்டால் முதலில் சொல்வது கோடை முகாமைத்தான்.

'போனி' எனப்படும் மட்டக்குதிரையைக் குதிரைக்குட்டி என்று நினைத்துவிட வேண்டாம். வளர்ந்து முடிந்த பிறகும் தோள்மேட்டில் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகாத ரகம் அது. அதிலும் குள்ளமான ஷெட்லாண்ட் 107 சென்டிமீட்டரைத் தாண்டாது. பெரியவர் இடுப்புக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். இந்தக் குள்ளக் குதிரைக்கும் பிள்ளைகளுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதை 1842-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பிறகு, தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் கரித் தொட்டிகளை இழுக்க ஷெட்லாண்ட் குதிரைகள் பெருமளவில் இறக்கப்பட்டன. பிள்ளைகள் இழுத்த சுமையைத் தன் தோளில் வாங்கிக்கொண்ட இனம், இப்போது பிள்ளைகளையே முதுகில் சுமக்கிறது.

முகாமில் பொழுது தீனியோடுதான் விடியும். பிள்ளை பல் துலக்கியதா, பால் குடித்ததா என்பதெல்லாம் பிறகு. முதலில் குதிரைக்குத் தண்ணீர், உலர்புல். பிறகு லாயத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இரவு போட்ட சாணத்தைக் கவைக்கோலால் அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டி, நனைந்த வைக்கோலை எடுத்துவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். வீட்டில் தன் படுக்கையைக்கூட மடிக்காத பிள்ளை இதை முணுமுணுக்காமல் செய்வதைப் பார்த்து வாய்பிளக்காத பெற்றோர் குறைவு.

தீனி விஷயத்தில் கண்டிப்பு அதிகம். குதிரையின் உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட பிராணி. அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. வயிற்றில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அந்த வலி உயிருக்கே உலை வைத்துவிடும். ஆகவே தானியத் தீனி தின்ற பிறகு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் சேணம் ஏற்றுவார்கள். மட்டக்குதிரைகளோ எக்ஸ்மூர், டார்ட்மூர், வேல்ஸ் மலை போன்ற மேட்டுநிலங்களில் சத்துக் குறைந்த புல்லை மென்று பிழைத்த இனங்கள். செழித்த புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் கண்டபடி கொழுத்து, குளம்புக்குள் அழற்சி வந்து, காலை ஊன்ற முடியாமல் நின்றுவிடும். 'பாவம், பசிக்குமே' என்று பிள்ளை ஒளித்துக் கொடுக்கும் ஆப்பிள்கள்தான் பயிற்சியாளர்களுக்குத் தீராத தலைவலி. கொழுத்த மட்டக்குதிரையும், அதன் மேல் கண்ணை மறைக்கும் தலைக்கவசத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுமியும் பிரிட்டன் முழுக்கப் பிரபலம். நார்மன் தெல்வெல் என்ற கேலிச்சித்திரக்காரர் 1950-களில் 'பஞ்ச்' இதழில் வரையத் தொடங்கிய ஜோடி அது.

அடுத்த பாடம் கட்டிப்போடுவது. குதிரையை நேரே சுவர் வளையத்தில் கட்டக் கூடாது. வளையத்தில் வைக்கோல் கட்டும் நூலால் ஒரு சிறு கண்ணி போட்டு, கயிற்றை அந்தக் கண்ணியில்தான் கட்ட வேண்டும். குதிரை மிரண்டு இழுத்தால் நூல் அறும், கழுத்து தப்பும். முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். குளம்பைச் சுத்தம் செய்யக் குதிரையின் வாலைப் பார்த்தபடி தோளருகே நின்று, கையைக் காலோடு வழித்துக்கொண்டு கீழே இறக்கினால், பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி மண்ணையும் கல்லையும் கிளற வேண்டும். குளம்பின் நடுவே 'வி' வடிவில் இருக்கும் மென்மையான பகுதியில் கொக்கி குத்தக் கூடாது. எவ்வளவு சாதுவான குதிரையானாலும் பக்கத்தில் மண்டியிடக் கூடாது, குனியலாம். பின்பக்கமாகச் சத்தமில்லாமல் போகவும் கூடாது. தனக்கு நேர் பின்னால் நிற்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது.

சவாரிக்கு முன் சோதனை உண்டு. கடிவாளத்தின் வாய்க்கம்பியில் காய்ந்த எச்சில் ஒட்டியிருக்கிறதா, வயிற்றுவார் சரியாக இறுகியிருக்கிறதா, தோல் வார்களைச் சோப்புப் போட்டுத் துடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு குதிரையாகப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஏறுகிறவரின் பூட்ஸையும் பார்ப்பார்கள். அதற்குச் சிறு குதிகால் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விழும்போது கால் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே கீறலே இல்லாவிட்டாலும் குப்பைக்குத்தான் போகும்.

இத்தனைக்கும் பிறகுதான் சவாரி. திறமைக்கு ஏற்பக் குழு பிரித்து, வட்டமாக நடத்தி, துள்ளோட்டம் பழக்கி, சிறு தடைகளைத் தாண்ட வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது 'ரவுண்ட் த வேர்ல்ட்'. நிற்கிற குதிரையின் மேல், சேணத்தைப் பிடிக்காமல், பக்கவாட்டில் திரும்பி, வாலைப் பார்த்து உட்கார்ந்து, அடுத்த பக்கமும் திரும்பி மறுபடி தலைப்பக்கம் வர வேண்டும். உடம்பின் சமநிலைக்கு இது நல்ல பயிற்சி. அங்கவடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதும் உண்டு. யாராவது ஒருவர் விழாத நாள் அபூர்வம். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். இடையிடையே தேர்வுகளும் நடக்கும். 'ஏ' வரை பல படிகள். சவாரி மட்டும் தெரிந்தால் போதாது. குதிரைப் பராமரிப்பிலும் கேள்வி வரும்.

செலவைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். சொந்தமாக ஒரு மட்டக்குதிரை என்றால் மேய்ச்சல் நிலம், லாடம், மருத்துவர், காப்பீடு, டிரெய்லர் என்று பணம் தண்ணீராக ஓடும். பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற பெயர் இதற்கு வந்தது சும்மா இல்லை. இந்தக் குறை எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப்புக்கும் பட்டிருக்கிறது. விலையுயர்ந்த சாதிக் குதிரை இல்லாத பிள்ளைகளும் ஜெயிக்கும்படி ஒரு போட்டி வேண்டும் என்றார் அவர். அப்படித்தான் 1957-இல் அவர் பெயரிலேயே குதிரை விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து ஓடுவது, கொடியைப் பிடுங்கி அடுத்த குவளையில் செருகுவது, ஓடுகிற குதிரையில் தாவி ஏறுவது என்று அணி அணியாக மோதுவார்கள். வம்சாவளி பெரிதாக இருந்து இதில் பயனில்லை. சுறுசுறுப்பும் பழக்கமும்தான் வேண்டும். முகாம்களிலும் இந்த ஆட்டங்களுக்கு இடம் உண்டு.

குதிரையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. சவாரிப் பள்ளிகள் வழியாகப் போனி கிளப்பில் சேரலாம். விடுமுறையில் பல பள்ளிகள் 'ஓன் எ போனி' வாரம் நடத்துகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குதிரையை ஒதுக்கி, தீனி, தேய்ப்பு, குளம்பு, லாயம் எல்லாவற்றையும் அவர்களிடமே ஒப்படைத்துவிடுவார்கள். காசும் கட்டிச் சாணமும் அள்ளும் ஏற்பாடு என்று சிரிக்கலாம். ஆனால் பிள்ளை கேட்டது என்பதற்காகக் குதிரை வாங்கப் புறப்படும் பெற்றோர், அதற்கு முன் இப்படி ஒரு வாரத்துக்குப் பணம் கட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.