தொழில் வாகனங்களும் காப்புறுதியும்: ஊவாவிலிருந்து சில குறிப்புகள்

தமிழ்நாட்டார் 'காப்பீடு' என்பதை நாம் 'காப்புறுதி' என்கிறோம். இரண்டில் எது நல்ல தமிழ் என்று வழக்காட நான் வரவில்லை. ஆனால் நமது சொல்லில் இருக்கும் 'உறுதி'யைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இலங்கையில் உறுதி என்றால் பத்திரம். காணி உறுதி, நன்கொடை உறுதி என்று எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம். பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் 5 பேர்ச் காணி வாங்கினாலும் நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்து உறுதியை எழுத்தெண்ணி வாசிக்கக் கேட்பார். எல்லை எங்கே, பாதை யாருக்கு என்று துருவித் துருவி விசாரிப்பார். அதே மனிதர் தன் லொறியின் காப்புறுதிப் பத்திரத்தை நான்காக மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு, "ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டீக்கி சேர், பெறகென்ன?" என்பார்.

அந்தப் 'பெறகென்ன' என்ற கேள்விக்கு என்னால் இயன்ற பதில்தான் இக்கட்டுரை.

ஊவாவில் முஸ்லிம்களின் வியாபாரம் சுமை ஏற்றுவதோடு பிணைந்தது. கண்டி இராச்சிய காலத்தில் தவளம் கட்டிப் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏற்றியவர்கள் நம் முன்னோர். 1924 இல் ரயில் பதுளையை எட்டிய பிறகும் ரயில் நிலையத்திலிருந்து தோட்டங்களுக்குச் சாமான் போக மாட்டுக்கரத்தை வேண்டியிருந்தது. பின்னர் லொறி வந்தது. இன்று மடுல்சீமைக்கும் நமுனுகலைக்கும் துணிமணி கொண்டுபோகும் வேன், கெப்பெட்டிப்பொலவில் மரக்கறி ஏற்றும் லொறி, பசறைக் கடைகளுக்கு அரிசி மா இறக்கும் பட்டா, காலையில் பிள்ளைகளை ஏற்றும் பாடசாலை வேன் என்று எத்தனையோ குடும்பங்களின் உலை இந்தச் சக்கரங்களை நம்பித்தான் கொதிக்கிறது. பாதைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மரணித்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை.

சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டும்தான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் அதைச் சொல்கிறது. அந்தச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. இது நம் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்துக்குமான ஏற்பாடு. நம் லொறி நொறுங்கினால் அதற்கு இதில் ஒரு சதமும் இல்லை. அதற்காகத்தான் முழுக் காப்புறுதி. லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் நிதி நிறுவனமே அதை வற்புறுத்தும். வாகனம் முழுதாக அழிந்தால் வரும் பணத்தில் முதல் பங்கும் அந்த நிறுவனத்துக்குத்தான்.

இனி, பலரும் வாசிக்காத வரிக்கு வருவோம். பத்திரத்தில் 'பாவனை' என்றொரு இடம் இருக்கும். தனிப்பட்ட பாவனை, சொந்தச் சரக்கு ஏற்றல், வாடகைக்கு ஓடுதல், வாகனத்தையே வாடகைக்கு விடுதல் என்று அது பிரியும். ஒரே நிறத்தில் ஒரே வருடத்தில் வந்த இரண்டு வேன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒன்றில் குடும்பம் வெலிமடைக்குக் கல்யாணத்துக்குப் போகிறது. மற்றது நாள்தோறும் எல்ல நிலையத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறது. காப்புறுதிக்காரரின் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு வாகனங்கள். இரண்டாவது வேன் ஓடும் தூரம் கூட, ஏறும் ஆட்கள் கூட, அந்நியர் வழக்குப் போடும் சாத்தியமும் கூட. ஆகவே கட்டுப்பணமும் கூட. அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்த 'தனிப்பட்ட பாவனை' என்று எழுதிவிட்டு ஹயருக்குப் போனால், விபத்துக்குப் பிறகு வரும் விசாரணையில் முதற் கேள்வியே "வாகனம் அப்போது என்ன வேலையாகப் போனது?" என்பதுதான். பதிலைப் பொறுத்து நட்டஈட்டைக் குறைக்கலாம், முற்றாக மறுக்கவும் செய்யலாம்.

என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் வேனில் வருகிறவர்கள். பெற்றார் கூட்டமொன்றின் பிறகு வேன்காரர் ஒருவரிடம் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரட்டைப் பாவனை வாகனமாகப் பதிவாகியிருந்தது. அது பதிவு வகை. காப்புறுதியில் பாவனை 'தனிப்பட்டது' என்றே இருந்தது. "பதிவுல ரெண்டு பாவனைன்னு போட்டீக்கிதானே சேர்" என்றார். அப்பாவித்தனமான வாதம்தான், ஆனால் இதே வாதத்தைப் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள வகை வேறு, காப்புறுதியில் அறிவித்த பாவனை வேறு. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. அவர் பிறகு முகவரைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டார். கூடுதலாக வந்த தொகையைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு பிளேன்ட்டி காசு கூட வரவில்லை.

இதன் அடியில் இருப்பது 'உச்ச நன்னம்பிக்கை' என்ற சட்டக் கோட்பாடு. சந்தையில் சரக்கின் குறையை விற்பவன் மறைக்கக் கூடாது என்பது நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வியாபார ஒழுக்கம். காப்புறுதியில் நிலைமை கொஞ்சம் திரும்புகிறது. இங்கே வாங்குபவனிடம்தான் தகவல் இருக்கிறது. வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார், என்ன ஏற்றுகிறது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஆகவே கேட்டதற்கு மட்டுமல்லாமல், தீர்மானத்தைப் பாதிக்கும் எதையும் அவன் சொல்லியாக வேண்டும்.

லொறிக்குள் இருப்பவற்றுக்கும் கணக்கு வேறு. வாகனக் காப்புறுதி லொறியைப் பார்க்கும். அதில் ஏற்றிய 100 மூட்டை அரிசியைப் பார்க்காது. சரக்குக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். சாரதியும் கிளீனரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி வேலையில் நேரும் காயத்துக்கு முதலாளியே பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சிறு மேலதிகக் கட்டணத்தில் வாகனப் பத்திரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டால் முதலாளியின் கல்லாவிலிருந்துதான் போகும். மையித்து வீட்டுக்கென்று லொறியின் பின்னால் 20 பேரை ஏற்றிப் போகும் பழக்கம் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் சரக்கு ஏற்றவென்று காப்புறுதி செய்த வாகனம் அது.

'ஃபுல்' என்ற சொல்லும் ஏமாற்றுகிறது. மண்சரிவு, வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தங்களும், கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியனவும் பெரும்பாலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியவை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலையே இறங்கி வந்த மாவட்டம் இது. கலவரத்தைப் பற்றி நம் சமூகத்துக்கு விளக்க வேண்டுமா? 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன, 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணம் என்று கடைகளும் வாகனங்களும் எரிந்தன. 2022 மே 9 அன்று எரிந்த வாகனங்கள் வேறு ஆட்களுடையவை. பத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இந்த ஆபத்துக்களுக்கென 1987 இல் அரசாங்கம் தனி நிதியமொன்றை ஏற்படுத்தியது. அது இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இயங்குகிறது. கட்டுப்பணச் சீட்டில் இதற்குத் தனி வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

பெறுமதி விடயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறியது நமக்குத் தெரியும். ஆனால் பலர் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்து வந்தார்கள். 40 இலட்சம் பெறும் லொறியை 24 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் நூற்றுக்கு 60 தான் காப்பு. 5 இலட்ச ரூபா சேதத்துக்கு 3 இலட்சம்தான் கிடைக்கும். மிச்சம் 2 இலட்சத்தை உரிமையாளர் தானே சுமந்ததாகக் கணக்கிடுவார்கள்.

மார்க்கக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நம் வாசகர்களிடம் இதைப் பேச முடியாது. "சட்டத்துக்காகத் தேர்ட் பாட்டி மட்டும் போட்டீக்கிறன், ஃபுல் ஹறாம்தானே" என்று சொல்லும் வியாபாரிகள் உண்டு. சிலருக்கு அது உண்மையான பேணுதல். சிலருக்கு, அல்லாஹ் அறிவான், கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்க வசதியான ஃபத்வா. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதி ஒப்பந்தத்தில் உள்ள 'கறர்' காரணமாக அதை மறுத்தது. அதே தீர்மானத்தில் பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியை ஏற்றது. சூடானில் 1979 இலேயே அத்தகைய நிறுவனம் தோன்றியிருந்தது. மலேசியா 1984 இல் தகாபுலுக்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையில் அமானா தகாபுல் 1999 இல் தொடங்கியது. இங்கு தகாபுலுக்குத் தனிச் சட்டம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டமே எல்லாக் காப்புறுதிக்கும் பொது.

தகாபுலில் பங்காளர்கள் 'தபர்ருஃ' ஆக, அதாவது நன்கொடையாகப் பொது நிதியில் போடுகிறார்கள். நிறுவனம் கட்டணம் பெறும் முகவராக அதை நிர்வகிக்கிறது. அப்படியானால் ஹயருக்கு ஓடும் வேனைத் 'தனிப்பட்டது' என்று எழுதுகிறவர் யாருடைய பையில் கை வைக்கிறார்? உண்மையைச் சொல்லிக் கூடுதலாகப் போட்ட வெலிமடை லொறிக்கார நானாவின் நன்கொடையிலிருந்து தன் ஆபத்துக்குப் பணம் எடுக்கப் பார்க்கிறார். தகாபுல் எடுத்துவிட்டோம் என்பதால் படிவத்தில் என்ன எழுதினாலும் சரி என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாவனை, பெறுமதி, கலவரம், கிளீனர் ஆகிய அத்தனை கேள்விகளும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன.

விபத்து நடந்தால் வாகனத்தை நகர்த்த முன் அந்த இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு அறிவிப்பது நல்லது. மடுல்சீமைப் பக்கம் சில திருப்பங்களில் சிக்னல் கிடைக்காது. அப்படியான இடத்தில் படம் எடுத்து வைத்துவிட்டு, சிக்னல் வந்ததும் பேசலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே முறையிட வேண்டும். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. ஆணைக்குழு அரச நிறுவனம். பத்திர இலக்கம், விபத்துத் திகதி, மறுப்புக் கடிதத்தின் பிரதி ஆகியவற்றை இணைத்துத் தமிழிலேயே எழுதலாம்.