முற்றம் இல்லாத பாட்டி வீடு

விடுமுறைக்குக் குழந்தைகள் மும்பையிலிருந்து ஊருக்குப் போன காலம் மாறிவிட்டது. இப்போது பேரக்குழந்தைகள் மும்பைக்கு வருகிறார்கள். வந்தவர்களைச் சமாளிக்கத் தாத்தாக்களும் பாட்டிகளும் படும் பாடு கொஞ்சமல்ல.

தாதர் ரயில் நிலையம். சென்னை ரயில் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று போர்ட்டரிடம் இரண்டு முறை விசாரித்துவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டுமாக நிற்கிறார் தாத்தா. ரயில் வருகிறது. மகள் இறங்குகிறாள். ஐந்து வயதுப் பேரன் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். வாரம் தவறாமல் செல்போனில் பார்த்த முகம்தான். ஆனால் அது உள்ளங்கை அளவு முகம். இப்போது ஆறடிக்கு எதிரே நிற்கிறது. "தாத்தாடா, கிட்டப் போ" என்கிறாள் அம்மா. பையன் அசைவதாக இல்லை. முதல் நாள் இப்படித்தான் போகும் என்பது அனுபவப்பட்ட தாத்தாக்களுக்குத் தெரியும். பதினைந்து நாள் விடுமுறையில் மீதி பதினான்கு நாள் என்ன செய்வது என்பதுதான் கவலை.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் கோடை விடுமுறை தோறும் காணக்கூடிய காட்சி இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று பிளாட்பாரத்தில் காத்திருக்கும் இந்தத் தாத்தாவே தன் சிறுவயதில் எதிர்த் திசையில் பயணம் செய்தவர். மும்பைத் தமிழருக்கு மூன்று தலைமுறைகளாக 'ஊர்' என்றால் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி. பள்ளிக்கூடம் மூடியதும் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினால் ஜூன் மாதம்தான் திரும்புவார்கள். அங்கே கிணறு இருந்தது, திண்ணை இருந்தது, மாமரம் இருந்தது. குழந்தைகளை யாரும் 'பொழுதுபோக்க' வேண்டியிருக்கவில்லை. காலையில் வெளியே விட்டால் பசிக்கும்போது வருவார்கள்.

பலருக்கு அந்த வீடு இன்று இல்லை. விற்றாகிவிட்டது, அல்லது பங்காளிகளிடம் போய்விட்டது. மகன் பெங்களூரில், மகள் நியூஜெர்சியில். பேரக்குழந்தைகளுக்குப் பாட்டி வீடு என்று ஒன்று இருந்தால் அது மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில், ஐந்நூறு சதுர அடியில் இருக்கிறது. கூடத்தில் ஒருவர் கட்டிலை இழுத்துப் போட்டால் இன்னொருவர் பால்கனிக்குப் போக வேண்டும். நான்கு வயதுப் பேத்தி சோபாவிலிருந்து குதித்தால் கீழ்வீட்டுக்காரர் மணி அடிக்கிறார். கீழே காம்பவுண்டில் கார்கள். கார் இல்லாத இடத்தில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று பலகை. இரண்டாம் நாள் மதியமே "போர் அடிக்குது பாட்டி" ஆரம்பமாகிவிடுகிறது.

புதிதாகத் தாத்தா ஆனவர்கள் செய்யும் முதல் தவறு பட்டியல் போடுவது. காட்கோபர் மாலில் 2013இல் திறந்த கிட்ஸேனியா ஒரு நாள், ஒர்லி நேரு அறிவியல் மையம் ஒரு நாள், மறுநாள் கோளரங்கம், அதே கையோடு மலபார் ஹில்லில் கமலா நேரு பூங்காவின் பூட்ஸ் வீடு. எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் மே மாத மும்பையின் புழுக்கத்தில் டாக்ஸிக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துபோன குழந்தை, கோளரங்க இருட்டில் நட்சத்திரம் தெரிவதற்கு முன்பே தூங்கிவிடுகிறது. நான்காம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தாத்தாவுக்கு முழங்கால் வலி. ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம், அதுவும் காலை பத்து மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் என்ற ஞானம் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுதான் வருகிறது.

இன்னொரு ஞானமும் வருகிறது. பெரியவர்கள் அலுத்துப்போன விஷயம்தான் வெளியூர்க் குழந்தைக்கு அதிசயம். லோக்கல் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைக்காரர் நாற்பது ஆண்டு தொங்கிக்கொண்டு போய் வெறுத்த வாகனம் அது. பகல் பதினொரு மணிக்கு, கூட்டம் வடிந்த பிறகு, ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்தால் பெங்களூர்க் குழந்தைக்கு அதுவே சொர்க்கம். மாட்டுங்கா ஸ்டேஷனிலேயே கதை தொடங்கிவிடும். 2017 ஜூலையில் ஸ்டேஷன் மேலாளரிலிருந்து டிக்கெட் பரிசோதகர் வரை முழுக்கப் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டு, லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற நிலையம் அது. பேத்தியை அழைத்துப்போகும் பாட்டிகள் இதைச் சொல்லாமல் டிக்கெட் வாங்குவதில்லை. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது. பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட்.

தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுல்லா. ஐந்தே ஸ்டேஷன். இறங்கிச் சற்று நடந்தால் ஜீஜாமாதா உத்யான். பழைய ஆட்களுக்கு ராணி பாக். இந்த மிருகக்காட்சி சாலைக்கு 2016இல் தென்கொரியாவிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தன. மறுஆண்டு மார்ச்சில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகியும் இருக்கின்றன. வெளியே வியர்வை வழிய நிற்கும் கூட்டம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளுகுளு அறையில் பென்குயின். மும்பையில் அந்த அளவு குளிர்ச்சியில் வசிக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது! புதன்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டுப் போய், பூட்டிய வாசலில் குழந்தை அழுத கதைகளும் மாட்டுங்காவில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்'. அதனால் இரண்டு நாளும் கணக்கில் இல்லை.

மாட்டுங்காவிலேயே பொழுதைக் கழிக்கவும் வழி இருக்கிறது. காலையில் காபிப்பொடி வாங்கப் போகும் தாத்தா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். கொட்டை அரைபடும் வாசனை, பூக்கடையில் மல்லிகையை விரல் படுவது தெரியாமல் தொடுக்கும் வேகம், ஆஸ்திக சமாஜம் கோயில், 1940இலிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டம். எல்லாம் அரை மைல் சுற்றுக்குள். அம்பேத்கர் சாலை மேம்பாலத்துக்கு அடியில் குப்பையும் குடிகாரர்களும் சேராமல் இருக்க அக்கம்பக்கத்தார் போராடிப் பெற்ற பூங்கா ஒன்று இருக்கிறது. நர்மதை நதியின் போக்கைப்போல் வளைத்து அமைத்த 600 மீட்டர் நடைபாதை அதில் ஓடுகிறது. தலைக்கு மேலே லாரி, காலுக்குக் கீழே நர்மதை. மழையோ வெயிலோ படாது. முழங்கால் வலிக்காரர்கள் ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு குழந்தையை 'சமுத்திரம் வரை' ஓடிவிட்டு வரச் சொல்லலாம்.

டிராம் கதை சொல்லாத மாட்டுங்கா தாத்தா கிடையாது. போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி டிராம் ஓடியது 1964 மார்ச் 31 இரவு. 1937இல் வந்த மாடி பஸ்ஸின் பழைய டீசல் வண்டிகளில் கடைசி வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று நின்றது. அதற்குப் பதில் பேட்டரியில் ஓடும் ஏ.சி. மாடி பஸ் வந்துவிட்டது. ஆனால் காற்று முகத்தில் அடிக்கும் அந்த முன் ஜன்னல் அதில் இல்லை. பேரனுக்குச் சொன்ன கதையை நிரூபிக்க விரும்புகிறவர்கள் சயானைத் தாண்டி ஆணிக் டெப்போவுக்குப் போகிறார்கள். பெஸ்ட் நிறுவனத்தின் அருங்காட்சியகம் குர்லாவிலிருந்து 1993இல் அங்கேதான் குடிபெயர்ந்தது. டிராமின் சிறு மாதிரிகளையும் பழைய டிக்கெட் இயந்திரங்களையும் பார்த்து அதிகம் குதிப்பது யார், பேரனா தாத்தாவா என்று சொல்வது கடினம்.

செம்பூர் பாட்டிகளின் ஆயுதம் வேறு. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு 108 படி. ஆங்கிலமும் கன்னடமும் பேசும் பேத்தியைப் படிக்கு ஒன்றாகத் தமிழில் எண்ணவைக்கிறார்கள். முதல் நாள் பத்தோடு நின்றுவிடும். பதினொன்றிலிருந்து 'லெவன், ட்வெல்வ்' தான். பாட்டி மூச்சு வாங்க உட்காரும் சாக்கில் திருத்துகிறாள். எழுபத்தொன்பதைத் தாண்டியதும் எண்பதா, எட்டுப்பத்தா என்று சண்டை. இதில் இருக்கும் அவசரம் குழந்தைக்குத் தெரியாது. தமிழ் பேசத் தெரியாத பேத்தியோடு போனில் 'சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா' என்பதற்கு மேல் என்ன பேசுவது? ஆண்டு முழுவதும் போனில் நடக்கப்போகும் பேச்சுக்கான சொற்களை இந்தப் பதினைந்து நாளில்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

செம்பூருக்கு வேறொரு கவலையும் உண்டு. பக்கத்தில் மாஹுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். இந்தப் பக்கம் 1927இலிருந்து குப்பை கொட்டிவரும் தேவ்னார். 2016 தொடக்கத்தில் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது பள்ளிகளையே மூட வேண்டிவந்தது. மூச்சிரைப்பு உள்ள பேரன் வருகிறான் என்றால் நெபுலைசர் தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்சணத்துக்கு மாவு அரைக்கிறார்கள்.

மோனோ ரயில் வந்தபோது செம்பூர்த் தாத்தாக்களுக்குக் கவலை விட்டது. 2014 பிப்ரவரியில் செம்பூர் – வடாலா பாதை திறந்ததும் அது வேலைக்குப் போகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்களையே அதிகம் சுமந்தது. 2025 ஆகஸ்ட் மழையில் மைசூர் காலனி அருகே நடுவானில் நின்றுபோய், சிக்கியிருந்த பயணிகளைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். செப்டம்பர் 20 முதல் சீரமைப்புக்காகச் சேவையை நிறுத்தினார்கள். பூநாரைகள் அப்படி ஏமாற்றுவதில்லை. ஹார்பர் லைனில் ஏறிச் சிவ்ரியில் இறங்கி, கடல் வற்றும் நேரம் பார்த்து, மே மாதம் முடிவதற்குள் போனால் சேற்றில் இளஞ்சிவப்பாகக் கூட்டம் நிற்கும். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது அந்தச் சேற்றுவெளியை ஒட்டித்தான் கடலுக்குள் போகிறது. பாலம் கட்டும்போது அவை விலகிப் போனது பற்றிப் பறவை ஆர்வலர்களுக்கு வருத்தம் உண்டு. குழந்தைகளுக்கு ஒரே படத்தில் பாலமும் பறவையும்.

தாராவியில் கதையே வேறு. இங்கே பேரக்குழந்தைகள் வருவது திருநெல்வேலியிலிருந்து, அல்லது வாடகைக்குப் பயந்து கல்யாண், நாலாசோபாரா என்று தள்ளிப்போன மகன்கள் வீட்டிலிருந்து. வீடு மாட்டுங்கா கூடத்தைவிடச் சிறியது; மரப்படியேறிப் பரணில்தான் குழந்தைகள் படுக்க வேண்டும். ஆனால் போர் அடிக்கிறது என்ற பேச்சே கிடையாது. வாசலில் கால் வைத்தால் சந்தில் இருபது பிள்ளைகள். "ஏலே, ரோட்டுக்குப் போயிராத" என்று ஆச்சி உள்ளிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். 90 அடி சாலையின் போக்குவரத்தும், திறந்த சாக்கடையும், தண்ணீர் வரும் நேரத்துக் குடச்சண்டையும்தான் அவளுக்குப் பயம். கும்பர்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள் சக்கரத்தில் மண்ணை ஏற்றினால் பிள்ளைகள் சுற்றி நின்றுவிடுவார்கள். பொங்கலுக்கு வந்தால் இன்னும் விசேஷம்: பிள்ளையார் கோயில் அருகே பெண்கள் தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள்.

சாலையைக் கடந்தால் மித்தி நதிக்கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. நகரத்தின் குப்பை கொட்டிய 37 ஏக்கர் நிலத்தில் 1983இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி தொடங்கி வைத்த மரம் நடும் பணி, 1994இல் பூங்காவாகத் திறந்தது. இன்று அடர்ந்த காடு. குப்பைமேட்டில் வண்ணத்துப்பூச்சி பறப்பதைத் தாராவிக் குழந்தைகள் பள்ளியோடு வந்து பார்க்கிறார்கள். மாட்டுங்காவில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஆச்சியின் மனதில் வேறொன்று ஓடுகிறது. தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தப்புள்ளியை 2022இல் அதானி குழுமம் வென்ற பிறகு வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதாகக் காகிதம் காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு; மற்றவர்களுக்கு வேறிடம். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் எந்த விலாசத்துக்கு வருவார்கள்? மாட்டுங்காவிலும் இதே கேள்விதான், கொஞ்சம் வசதியான வடிவத்தில். பழைய கட்டடத்தை இடித்துக் கோபுரம் எழும்வரை மூன்று நான்கு ஆண்டு வாடகை வீடு. அதற்குள் ஐந்து வயதுப் பேரன் ஒன்பது வயதுக்காரனாகிவிடுவான்.

அமெரிக்கப் பேரக்குழந்தைகள் தனிப் பிரிவு. அவர்களுக்கு விடுமுறை ஜூன், ஜூலையில். அதாவது கொட்டும் மழையில். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் குழந்தைக்கு அது நீச்சல்குளம், பாட்டிக்கு எலிக்காய்ச்சல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள் வானம் கறுத்தாலே கதவைச் சாத்துகிறார்கள். அப்புறம் பல்லாங்குழி, தாயக்கட்டை, அம்மாவின் சின்னவயது போட்டோ ஆல்பம். "எங்கம்மாவா இது? அடி வாங்குவாளா?" என்ற விசாரணையில் ஒரு மதியம் கழிந்துவிடும். முறுக்கு அச்சைச் சுற்றக் கொடுத்தால் இன்னொரு மதியம்.

புறப்படும் நாள் வருகிறது. பெட்டியில் பருப்புப்பொடி, காபிப்பொடி ஏறிவிட்டன. முதல் நாள் அம்மாவின் பின்னால் ஒளிந்தவன் இப்போது தாத்தாவின் சட்டையை விட மறுக்கிறான். கிட்ஸேனியா வேண்டாம், பென்குயின் வேண்டாம். சும்மா பைகுல்லா வரை போய்த் திரும்பி வந்தால் போதும், ஜன்னல் சீட்டில். தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாட்டிதான் காலண்டரைக் காட்டுகிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மெகா பிளாக்.