மண்ணைத் தாங்கும் சுவர்

மலைச்சரிவில் வீடு கட்டியவனுக்கு ஒரு சுவர் போதாது. மேல்வீட்டு மண் தன் முற்றத்தில் வந்து இறங்காமலிருக்க ஒரு சுவர் வேண்டும். தன் தோட்டம் கீழ்வீட்டின் மேல் போய் இறங்காமலிருக்க மற்றொரு சுவர் வேண்டும். முதலாவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அநேகமாய்க் கீழ்வீட்டுக்காரர் ஒருவரே!

குன்னூர்வாசியாகிய நான் இந்த உண்மையை ஓர் ஐப்பசி மாதத்து இரவில் தெரிந்துகொண்டேன். தோட்டத்தின் கீழ் ஓரத்தில் ஆறடி உயரத்துக்குக் கருங்கல்லும் சிமெண்டுச் சாந்துமாகச் சுவர் எழுப்பியிருந்தேன். முகப்பு முழுதும் பூச்சு. அதன்மேல் வெள்ளையடிப்பு வேறு. "தண்ணி வெளியே போக ஓட்டை விட வேண்டாமுங்களா, ஸார்?" என்று கொத்தனார் கேட்கத்தான் கேட்டார். பாசி வழிந்து அழகு கெட்டுவிடும், வேண்டாம் என்று சொன்ன மகானுபாவன் நானே. மூன்று நாள் விடாமழை பெய்தது. நான்காம் நாள் இரவு சுவரின் நடுப்பாகம் பெயர்ந்து, கீழ்வீட்டு விறகுக் கொட்டகையை அமுக்கிவிட்டது. முதல்நாள் மாலை அந்தக் கொட்டகையில்தான் அவ்வீட்டுக் குழந்தைகள் மழைக்கு ஒதுங்கி விளையாடிக்கொண்டிருந்தன. காலையில் அவ்வீட்டு அம்மாள் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "திரும்பக் கட்டறப்போ கொஞ்சம் பார்த்துக் கட்டுங்க, ஸார்" என்றார். வைதிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

சுவரைத் தள்ளியது மண்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். மண்ணும் தள்ளுகிறது, ஆனால் என் சுவரை வீழ்த்தியது மண்ணுக்குள் சிறைப்பட்ட ஜலம். ஒரு கன அடி ஜலத்தின் எடை ஏறக்குறைய 28 கிலோ. ஆறடி உயரம் அது தேங்கி நின்றால், அடிப்பாகத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 170 கிலோ பாரம் அழுத்துகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. சுவரின் உயரம் இரு மடங்கானால், பின்னாலிருந்து தள்ளும் விசை நான்கு மடங்காகும்; சுவரைக் குப்புறக் கவிழ்க்கும் வலிமையோ எட்டு மடங்காகும். வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய பெருக்கல்தான். சொந்தத் தோட்டத்தில் அது நினைவுக்கு வரவில்லை. 1978-லும் 2009-லும் நவம்பர் மழையில் நீலகிரியின் சரிவுகள் ஜலம் குடித்துச் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனதை அறிந்தவன், தன் வீட்டு ஓரத்தில் அதே காரியத்துக்கு வழி செய்து வைத்திருந்தான்!

மறுபடி கட்டுவதற்கு வயோதிகரான ஒரு கல்வேலைக்காரரை அழைத்தேன். அவர் முதலில் உயரத்தைக் குறைத்தார். ஆறடிச் சுவர் ஒன்றுக்குப் பதிலாக மூன்றடிச் சுவர் இரண்டு. நடுவே ஆறடி அகலத்துக்குச் சமதளம். மேற்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறாமலிருக்க, கீழ்ச்சுவர் உயரத்தைப் போல் இரு மடங்காவது இடைவெளி வேண்டும் என்பது விதி. ரோஜாப் பாத்தி போயிற்றே என்று என் மனைவிக்குக் குறை; பீன்ஸ் போட இடம் கிடைத்ததே என்பது என் கட்சி.

சாந்து இல்லாத கல்லடுக்கே போதும் என்றார் பெரியவர். கல்லின் இடுக்குகள் எல்லாமே ஜலத்துக்கு வாசல்கள் அல்லவா? கெட்டி மண் தட்டும்வரை ஓரடி ஆழத்துக்கு வானம் தோண்டி, ஜல்லி கொட்டி இடித்தார். அடியில் அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையவில்லை. மிகப் பெரிய கற்கள் அடிவரிசைக்குப் போயின. கல்லின் நீண்ட பக்கத்தை வெளியே காட்டி அழகு பார்ப்பது நம்மைப் போன்றவர் சுபாவம். அவரோ நீளத்தைச் சுவருக்குள் செலுத்தி, குட்டை முகத்தையே வெளியே வைத்தார். இரு கற்கள் சேரும் இடத்தின்மேல் மூன்றாவது கல் உட்கார வேண்டும். முகப்பு அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் பின்னால் சாய்ந்தது. கல் ஏற ஏற, அதன் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லியும் ஏறியது. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி. உச்சியில் மட்டும் களிமண்ணை இறுக இடித்து, மழைநீர் உள்ளே இறங்காமல் பக்கத்துக் கால்வாய்க்கு ஓடச் செய்தார்.

சாந்து வைத்துத்தான் கட்டுவேன் என்போர், அடியில் ஐந்தாறு அடிக்கு ஒரு குழாய்த் துளையாவது விடட்டும். நான்கடிக்கு மேல் உயரம் வேண்டுமானாலும், சுவருக்கு மேலே வண்டியோ வீடோ நிற்குமானாலும், என்ஜினீயரைக் கேளாமல் கல் எடுக்கவே கூடாது.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் இரவு, எனக்குத் தூக்கம் வரவில்லை. குடையும் டார்ச்சுமாகக் கீழே இறங்கிப் போனேன். கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

"தண்ணி வருதுங்களா, ஸார்?"

குனிந்து பார்த்தேன். கற்களின் அடியிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. மண் கலங்காமல், கிணற்று நீரைப் போலத் தெளிவாக.

"வருகிறது, அம்மா" என்றேன்.