யாழ்ப்பாணக் கோட்டையில் போர்த்துகீசியர் கட்டியது எது?

யாழ்ப்பாணக் கோட்டை இலங்கையின் வடக்கே கடல்நீரேரிக் கரையில் உள்ளது. இதைப் போர்த்துகீசியர் கோட்டை என்று பலரும் எழுதுகின்றனர். தொடங்கியவர்கள் அவர்கள்தான், ஆனால் இன்று நாம் காணும் மதிலும் அகழியும் டச்சுக்காரர்களின் வேலை.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய தளபதி பிலிப் டி ஒலிவேரா, ஆட்சி மையத்தை நல்லூரிலிருந்து கரைக்கு மாற்றினார். முற்றுகை நேர்ந்தால் உதவி கடல்வழியாகத்தான் வரவேண்டும். அங்கே எழுந்த கோட்டை ஏறத்தாழச் சதுரமானது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், உள்ளே தேவாலயம். மதிலுக்கு வெளியே, கிழக்கில் நகரம் வளர்ந்தது. இடிக்கப்பட்ட நல்லூர்க் கோயிலின் கற்கள் இதற்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கோட்டைப் பகுதியில் கோயில் தூண் துண்டுகள் கிடைத்துள்ளன. அவை நல்லூருடையவை என்று கொள்ள அதுமட்டும் போதாது.

1658இல் டச்சுக்காரர்கள் மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தனர். பின்னர் சதுரத்தை அகற்றி ஐங்கோணமாகக் கட்டினர். இது அழகுக்காக அல்ல. பீரங்கிப் போரில், மதிலடியில் காவலர் கண்ணுக்கும் குண்டுக்கும் எட்டாத மூலை இருந்தால் எதிரி அங்கே பதுங்கிவிடுவான். அம்புமுனை போல நீளும் ஐந்து கொத்தளங்களில் ஒவ்வொன்றும் அடுத்ததன் சுவரைக் காக்கும். முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டு நடந்த இவ்வேலையின் வெளியரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று!

உள்ளே 1706இல் டச்சுக்காரர்கள் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் தரைமட்டமானது. போர்த்துகீசியர் விட்டுச்சென்றவற்றில் இன்றும் மாறாதது, அவர்கள் தேர்ந்த இடம்: யாழ்ப்பாண நகரத்தின் கடைத்தெருக்கள் இப்போதும் கோட்டைக்குக் கிழக்கேதான் உள்ளன.