சிறு கணினி அமைப்புகளுக்கான இலகு வலை வழங்கித் தேர்வு: தேவாரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த நினைவகமும் குறைந்த மின்திறனும் கொண்ட சிறு கணினி அமைப்பில் எந்த வலை வழங்கியை நிறுவுவது என்பது மென்பொருளின் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யத்தக்கதன்று. ஒரே நேரத்தில் வரும் இணைப்புகளின் எண்ணிக்கை, வழங்கப்படும் உள்ளடக்கத்தின் தன்மை, தொடர் பராமரிப்பு ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானிக்கின்றன. தேவாரம் அருகே திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் கருவி வடிவமைப்பையும், சிற்றூர்ப் பள்ளி நூலகம் ஒன்றின் தேவையையும் ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகின்றது.

முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி தேவாரம். இதன் அருகிலுள்ள பொட்டிபுரத்தில் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்க நடுவண் அரசு 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தமையால் மலையைக் குடையும் பணி தொடங்கப்படவில்லை. எனினும், அத்திட்டத்திற்கென உருவாக்கப்பட்ட மின்னணுக் கருவிகளின் வடிவமைப்பு, சிறு அமைப்புகளை வலையமைப்பில் இணைப்பது குறித்துச் சிந்திக்கத்தக்க ஒரு சான்றாகும். அதற்கு நேர் எதிரான தேவை, இத்தகைய ஊர்களின் பள்ளி நூலகங்களில் எழுகின்றது. அங்கு ஒரு சிறு கணினி பல மாணவர்க்கு நூல்களை வழங்க வேண்டியுள்ளது.

‘இலகு’ என்பதன் பொருள்

1995இல் வெளிவந்த அப்பாச்சி, நீண்ட காலம் வலை வழங்கிகளுள் முதலிடம் பெற்றிருந்தது. அதன் பழைய இயங்குமுறையில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயலி தேவைப்பட்டது. ஒரே வழங்கி பத்தாயிரம் இணைப்புகளை எவ்வாறு தாங்கும் என்னும் வினாவை 1999இல் டான் கெகல் எழுப்பினார். இவ்வினாவை ஒட்டியே யான் நெஷ்கே 2003இல் லைட்டி வழங்கியை வெளியிட்டார். இகோர் சிசோயேவ் உருவாக்கிய என்ஜின்எக்ஸ் 2004இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இவை இரண்டும் நிகழ்வு சார்ந்த முறையில் இயங்குகின்றன. அதாவது, ஒரே செயலி பல இணைப்புகளைக் கண்காணித்து, எதில் தரவு வந்துள்ளதோ அதனை மட்டும் கவனிக்கின்றது. அப்பாச்சியும் பின்னர் இத்தகைய முறையைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

பிசிபாக்ஸ் தொகுப்பிலுள்ள சிறு வழங்கி வேறு வகையில் இலகுவானது. அதன் நிரல் மிகச் சிறியது. ஆயினும் இணைப்புதோறும் புதிய செயலியைத் தோற்றுவிப்பது. ஆகவே, நிரலின் சிறுமையும் சுமை தாங்கும் எளிமையும் ஒன்றல்ல.

நினைவகக் கணக்கு

512 எம்பி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை சீரோ போன்ற கணினி ஒன்றை 40 மாணவர்கள் ஒரே வேளையில் அணுகுவதாகக் கொள்வோம். எச்டிடிபி 1.1 முறையில் உலாவி ஒரு வழங்கியுடன் பொதுவாக 6 இணைப்புகள் வரை திறக்கும். எனவே இணைப்புகள் 240 ஆகலாம். ஒவ்வொரு செயலியும் தனக்கென 5 எம்பி கொள்ளுமெனில், செயலி சார்ந்த முறைக்கு 1,200 எம்பி வேண்டும். இது கணினியின் மொத்த நினைவகத்தைப் போல் இரு மடங்கினும் மிகுதி. நிகழ்வு சார்ந்த வழங்கியிலோ ஓர் இணைப்புக்குச் சில கிலோபைட் முதல் சில பத்துக் கிலோபைட் வரை போதுமாதலால், அதே சுமை சில எம்பிக்குள் அடங்கிவிடும். நூலகத்திற்கு லைட்டி அல்லது என்ஜின்எக்ஸ் பொருந்துவதற்கு இதுவே முதற்காரணம்.

பொட்டிபுரம் வடிவமைப்பு காட்டும் எதிர்நிலை

பொட்டிபுரத்தில் நிறுவத் திட்டமிடப்பட்ட 50 கிலோ டன் இரும்புக் கலோரிமானியில் ஏறத்தாழ 28,800 உணர்கலங்கள் இடம்பெற வேண்டும். ஒவ்வோர் உணர்கலமும் தனக்கெனத் தரவு சேகரிப்புப் பலகை ஒன்றைக் கொண்டு, வலையமைப்பின் ஓர் உறுப்பாகச் செயற்படும் வகையில் வடிவமைக்கப்பட்டது. இங்குக் கேட்போர் சிலர், வழங்குவோர் பல்லாயிரவர். நூலகத்தின் நிலை இதற்கு மறுதலை.

இப்பலகையில் டிசிபி/ஐபி நெறிமுறையை விஸ்நெட் டபிள்யூ5300 என்னும் சில்லு வன்பொருளிலேயே நிறைவேற்றுகின்றது. அச்சில்லில் 8 இணைப்பு வாயில்களும் 128 கேபி இடைநினைவகமும் மட்டுமே உள்ளன. இத்தகைய கருவியில் முழு வலை வழங்கியை ஏற்றுவது வீண்சுமை. கருவிகள் தரவை மைய வழங்கிக்கு அனுப்ப, வலைப்பக்கத்தை அம்மைய வழங்கி காட்டுவதே தகும். ஒவ்வொன்றிலும் வலை வழங்கி இருப்பின், ஒரு பிழைத் திருத்தத்தை 28,800 இடங்களில் செய்ய நேரும். வலை வழங்கி தேவையா என்பதே தேர்வின் முதல் வினா என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் உள்ளடக்கம்

ஒருங்குறியின் யுடிஎப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ‘தேவாரம்’ என்னும் சொல் 4 எழுத்துகளால் ஆயினும், கணினியில் 7 குறியீடுகளாய் 21 பைட் கொள்கின்றது. ஆதலின் தமிழ்ப் பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் வசதி இன்றியமையாதது. சிறு கணினியின் செயலகத்துக்குச் சுமை தராதிருக்க, கோப்புகளை முன்னரே சுருக்கி வைத்துக்கொள்ளலாம்.

குறியாக்க அறிவிப்பும் கருதத்தக்கது. எச்டிஎம்எல் பக்கம் தன் குறியாக்கத்தைத் தானே அறிவிக்க வல்லது; வெற்று உரைக் கோப்பு அவ்வாறு அறிவிக்க இயலாது. வழங்கி அறிவிக்காவிடின் உலாவி ஊகிக்கும். ஊகம் தவறின் எழுத்துகள் சிதையும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கி, ஒருங்குறி ஆகிய இரு குறியாக்கங்களிலும் வழங்கியுள்ளது. அனைத்துக் கோப்புகளுக்கும் யுடிஎப்-8 என ஒரே அறிவிப்பைத் தரும் வழங்கி, பழைய டிஸ்கிக் கோப்புகளைப் படிக்க இயலாதனவாக்கிவிடும். கோப்புறை வாரியாகக் குறியாக்கத்தை அறிவிக்கும் வசதி தமிழ் நூலகத்திற்குத் தேவைப்படுவது இதனாலேயே.

பராமரிப்பும் பாதுகாப்பும்

போவா என்னும் இலகு வழங்கியின் மேம்பாடு 2005இல் நின்றுபோனது. எனினும் சில்லு உற்பத்தியாளர்களின் மென்பொருள் தொகுப்புகள் வழியே அது திசைவிகளிலும் கண்காணிப்புக் கேமராக்களிலும் தொடர்ந்து இடம்பெற்றது. வட இந்திய மின்சுமைப் பகிர்வு மையங்களைக் குறிவைத்த ஊடுருவல் பற்றி 2022 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளிவந்தது. அதில் சுட்டப்பட்ட முகவரிகள் பலவற்றில் போவா இயங்கியதை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்டது. இணையத்தில் வெளிப்படையாகத் தெரியும் போவா வழங்கிகள் ஒரே வாரத்தில் பத்து இலட்சத்துக்கு மேல் காணப்பட்டதாகவும் அது தெரிவித்தது. கருவியை வாங்கியோர் பலர், அதனுள் வலை வழங்கி ஒன்று இருப்பதையே அறிந்திருக்க வாய்ப்பில்லை. சிறிய மென்பொருள் என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

மின்தடை மற்றொரு காரணி. அணுகல் பதிவேட்டை இடையறாது நினைவக அட்டையில் எழுதினால் அட்டை விரைந்து தேயும். எழுதும்போது மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை பழுதுறும். பதிவேட்டைத் தற்காலிக நினைவகத்தில் வைத்து, நூற்கோப்புகள் உள்ள பகுதியைப் படிப்பதற்கு மட்டும் திறப்பது இதற்குத் தீர்வாகும்.

தேர்வு நெறி

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் வரிசை அமைகின்றது. கிலோபைட் அளவே நினைவகமுள்ள கருவி, தரவை அனுப்புதலோடு அமைய வேண்டும். திசைவி போன்ற கருவியின் அமைப்புப் பக்கத்திற்கு, ஓரிருவரே அணுகுவராதலின், பிசிபாக்ஸ் வழங்கி போதும்; அது மறையாக்கத்தைத் தானே செய்யாமையால் உள்வலையமைப்பில் மட்டும் பயன்படுத்தத்தக்கது. பலர் அணுகும் நூலகத்திற்கு லைட்டி அல்லது என்ஜின்எக்ஸ் ஏற்றது. முன்பே அப்பாச்சியைச் சார்ந்து எழுதப்பட்ட செயலிகள் உள்ள இடத்தில், அதனை நீக்குவதினும் அதன் நிகழ்வு சார்ந்த இயங்குமுறைக்கு மாறுவதே சிக்கனம்.

முடிவுரை

பொட்டிபுரக் கருவியும் பள்ளி நூலகமும் சிறு அமைப்புகளே. ஒன்றில் வலை வழங்கி இல்லாமையே சிறப்பு; மற்றொன்றில் நிகழ்வு சார்ந்த வழங்கி பொருத்தம். எனவே தேர்வுக்குரிய அளவுகோல், யார் கேட்கின்றனர், எத்தனை பேர் கேட்கின்றனர், எதனைக் கேட்கின்றனர் என்பனவே. இவற்றுடன், நிறுவியவர் ஊரை விட்டுச் சென்ற பின்னர் அதனைப் புதுப்பிப்பவர் யார் என்பதும் நிறுவும் நாளிலேயே முடிவு செய்யப்பட வேண்டும்.