கதிரும் கருவும் – 7: தாய்மாரைக் கேட்ட வைத்தியர்

1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மக்களுக்கு எக்ஸ்ரே என்றால் அச்சமே கிடையாது. பூட்ஸ் கடைகளில்கூட அதற்கென ஒரு பெட்டி நின்றிருந்தது. புது பூட்ஸ் மாட்டிய பாதத்தைக் குழந்தை அதற்குள் நுழைத்தால், விரலெலும்புகள் முனையில் முட்டுகின்றனவா இல்லையா என்பதைத் தாயாரும் கடைக்காரரும் மேலிருந்து குனிந்து பார்த்துக்கொள்வார்கள். காலம் அப்படியிருக்க, கர்ப்பிணியின் இடுப்பெலும்பை அளப்பதற்கும், சிசு எப்படிக் கிடக்கிறது என்று அறிவதற்கும், வயிற்றில் இருப்பது இரட்டையோ என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும் வயிற்றைப் படமெடுப்பது பிரசவ வைத்தியத்தின் சாதாரண வழக்கங்களில் ஒன்றாகிப் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த வழக்கத்தின்மீது முதன்முதலாகச் சந்தேகத்தை எழுப்பியவர், 1906-இல் ஷெஃபீல்டு நகரில் வைத்தியத் தம்பதியருக்கு மகளாகப் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆலிஸ் ஸ்டூவர்ட். இரத்தப் புற்றுநோயால் சிறு பிள்ளைகள் மாண்டு போவது அதிகரித்து வருவதைப் புள்ளிவிவரங்களில் கண்ட அவர், இரண்டு மூன்று வயதிலேயே வந்துவிடும் நோய்க்கு வித்து பிறப்புக்கு முன்பே விழுந்திருக்கக்கூடும் என்றும், அதை வைத்தியர்களின் ஏடுகளைவிடத் தாய்மாரின் ஞாபகமே நன்றாகக் காட்டிக்கொடுக்கும் என்றும் கருதினார். பெரிய ஸ்தாபனங்கள் இதற்குப் பணம் தர முன்வரவில்லை. கிடைத்தது ஆயிரம் பவுன். அதுவும் நம் நாட்டுச் சம்பந்தமுடையது. 1931-இல் இதே நோய்க்கு இரையான மெஹர்பாய் டாட்டாவின் நினைவாக, அவருடைய கணவர் தோராப்ஜி டாட்டா ஏற்படுத்திய நிதியிலிருந்து வந்தது அது.

அந்தச் சொற்பத் தொகையைக் கொண்டு, 1953 முதல் 1955 வரை பத்து வயது நிரம்புமுன் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளுக்கும், அதே வட்டாரத்தில் அதே வயதில் சுகமாயிருந்த குழந்தைகளின் வீடுகளுக்கும் ஒரே வினாத்தாள் சென்றது. உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளே அதை எடுத்துச் சென்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாரின் எதிரில் அமர்ந்து, குழந்தைக்கு வந்த நோய்கள் எவை, கர்ப்ப காலத்தில் உங்கள் உடம்பு எப்படியிருந்தது, எக்ஸ்ரே ஏதேனும் எடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார்கள். 1956-இல் லான்செட் பத்திரிகையில் சுருக்கமாகவும், 1958-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விரிவாகவும் முடிவு வெளியாயிற்று: கருவிலிருக்கையில் வயிற்றுப் படத்துக்கு உட்பட்ட குழந்தைகள் இவ்வாறு இறப்பது, உட்படாத குழந்தைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

ஆட்சேபம் உடனே கிளம்பிற்று. துக்கத்திலிருக்கும் தாய் நடந்ததையெல்லாம் துருவித் துருவி நினைத்துப் பார்ப்பாள், குழந்தை நலமாயிருப்பவளோ மறந்திருப்பாள், இதையா பிரமாணம் என்று கொள்வது என்றார்கள். கேள்வி நியாயமானதே என்பேன். அதற்கு விடையளித்தவர் அமெரிக்காவின் பிரையன் மக்மஹோன். எவருடைய ஞாபகத்தையும் நம்பாமல், பிரசவ ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை மட்டும் புரட்டி, நோய் நாற்பது சதவிகிதம் கூடுதல் என்று 1962-இல் காட்டினார். 1960-இல் தாமும் தேடிப் பார்த்து, அப்படி ஒன்றும் தென்படவில்லை என்று எழுதியவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் டால், 1997-இல் ஸ்டூவர்ட்டின் பக்கமே சாட்சியம் இருக்கிறதென்று ஒப்புக்கொண்டார். தாய்மார் சொன்னது மெய்தான் என்று ஆவதற்கு நாற்பது வருஷங்களுக்குமேல் பிடித்தன.

ஆனால் இரு மடங்கு என்னும் சொல்லைக் கேட்டு நடுங்குகிற பெற்றோர், எதன் இரு மடங்கு என்று கேட்க வேண்டும். அரைக்காசு இரட்டித்தாலும் ஒரு காசுதான். டாலும் அவருடைய சகாவும் கணக்கிட்டபடி, அக்காலத்து வயிற்றுப் படத்தால் கருவுக்குச் சேர்ந்திருக்கக்கூடிய பத்து மில்லிகிரே கதிர்வீச்சு, பதினாயிரம் குழந்தைகளில் சுமார் ஆறு பேருக்கு மட்டுமே கூடுதலாகப் புற்றுநோயை விளைவிக்கும். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தாய் வயிற்றிலிருந்து தப்பிப் பிறந்த ஏறக்குறைய 1,600 பேரில் 30 பேருக்கு மூளை வளர்ச்சி கடுமையாகக் குன்றியது உண்மையே. அவர்களிற் பெரும்பாலோர் எட்டாவது வாரத்துக்கும் பதினைந்தாவது வாரத்துக்கும் இடையில் இருந்த கருக்கள், ஏற்றதோ ஆஸ்பத்திரிப் படங்கள் தரும் அளவைப் பன்மடங்கு மிஞ்சிய கதிர்வீச்சு.

இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கிரேக்க நாடே உதாரணம். 1986 ஏப்ரலில் செர்னோபிலில் அணு உலை வெடித்தபின், முன்னுக்குப் பின் முரணான செய்திகளும் வதந்திகளும் மே மாதம் முழுவதும் அந்நாட்டைக் கலக்கின. அங்கே மக்களுக்கு ஏற்பட்ட கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு என்று அந்த மாதக் கடைசியில் தெளிவானது. ஆயினும் அதற்குள் அஞ்சி ஓடிவந்த பெண்களை மறுத்தனுப்ப இயலாமலோ, தாமே அஞ்சியோ, மகப்பேற்று வைத்தியர்கள் பலர் கருக்கலைப்புச் செய்துவிட்டார்கள். மறு ஜனவரியில் பிறப்புகள் 23 சதவிகிதம் சரிந்து கிடக்கக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், பெற்றோர் விரும்பியிருந்த கருக்கள் சுமார் 2,500 அழிந்துபோயின என்று மதிப்பிட்டனர். கிரேக்கத்தில் செர்னோபில் கதிர் செய்யாததை அச்சம் செய்து முடித்தது.

இன்று வயிற்றிலிருக்கும் சிசுவைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டியதில்லை; ஸ்டூவர்ட்டின் விரிவான கட்டுரை வெளிவந்த அதே 1958 ஜூன் மாதத்தில்தான், ஒலியலைகளால் வயிற்றுக்குள் பார்க்கலாம் என்று கிளாஸ்கோவின் இயன் டொனால்டு லான்செட்டில் எழுதினார். ஆகவே கவலை இப்போது வேறு வழியாக வருகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதைக் கவனிக்காமல் மார்புக்கோ பல்லுக்கோ படமெடுத்துக்கொண்டவர்கள், பின்னால் கரு நின்றது தெரிந்ததும் தூக்கமிழக்கிறார்கள். மார்புப் படத்தால் கருவுக்குச் சேருவது ஒரு மில்லிகிரேயின் நூற்றில் ஒரு பங்குக்கும் உட்பட்டது. பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒன்பது மாதத்தில் வருவதே அதைவிட எத்தனையோ மடங்கு. நூறு மில்லிகிரேக்குக் குறைவான அளவை மட்டும் காரணமாக வைத்துக் கர்ப்பத்தைக் கலைப்பது நியாயமன்று என்பதே சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவின் தீர்மானமான அபிப்பிராயம். வயிற்றைச் சி.டி. எடுத்திருந்தாலும், எந்தத் தேதி, எந்தப் பாகம், எத்தனை முறை என்னும் விவரங்களோடு சென்றால், ஆஸ்பத்திரியின் கதிரியல் பௌதிக நிபுணர் கருவுக்குச் சேர்ந்த அளவைக் கணித்துச் சொல்லிவிடுவார். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பது மட்டும் முற்றிலும் வேறு விஷயம். மூன்றாவது மாதத்திலிருந்து சிசுவின் தைராய்டே அதை உறிஞ்சத் தொடங்கிவிடுமாதலால், கர்ப்பிணிக்கு அதை எந்த வைத்தியரும் கொடுக்க மாட்டார்.

இதற்கு நேர்மாறான விபரீதமும் உண்டு. ஏழு மாதக் கர்ப்பிணிக்குத் திடீரென்று மூச்சுத் திணறி, நுரையீரலில் இரத்தம் கட்டியிருக்குமோ என்று வைத்தியர் மார்புக்குச் சி.டி. எழுதித் தரும்போது, வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது என்று தடுப்பவர்கள் பெரும்பாலும் அன்பு மிக்க மாமியாரோ கணவரோதான். அந்தப் படத்தால் சிசுவுக்குச் சேருவது ஒரு மில்லிகிரேக்கும் குறைவு. கட்டியைக் கண்டுபிடிக்காமல் விட்டாலோ, தாயும் பிள்ளையும் இருவருமே மிஞ்சாமற் போகலாம்.