டத்தோ பண்டாரின் கோப்புக்குள் என்ன இருந்தது?

இன்றைக்கு ஒரு பூட்டிய அறையை எட்டிப் பார்க்கப் போகிறோம்!

கோலாலம்பூரில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஐம்பது மாடி எழும்பலாமா, கூடாதா? அதை முடிவு செய்ய ஓட்டெடுப்பு கிடையாது, காரசாரமான மன்றக் கூட்டமும் கிடையாது. கிள்ளானில் நியமனம் பெற்றவர்களாவது மன்ற உறுப்பினர்களாக இருக்கிறார்கள். தலைநகரத்தில் அதுவும் இல்லை. 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டப்படி முடிவு டத்தோ பண்டார், அதாவது மேயர் கையில். கோப்பு துறை துறையாக ஏறி இறங்கும், அதிகாரிகள் கருத்து எழுதுவார்கள், கடைசியில் ஓர் ஆணை வெளியே வரும். உள்ளே யார் என்ன யோசித்தார்கள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

புக்கிட் கியாரா விவகாரத்தில் தெரிந்தது! அதனால்தான் எனக்கு இத்தனை பரபரப்பு.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் மக்கள். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 1980-களின் தொடக்கத்தில் அவர்களைத் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றினார்கள். நிரந்தர வீடு பிறகு வரும் என்றார்கள். கைக்குழந்தையாக வந்தவர்கள் அங்கேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று வளர்த்தார்கள், வீடு வரவில்லை. சுமார் நூறு குடும்பங்கள். பக்கத்தில் 25 ஏக்கர் பசுமையோடு தாமான் ரிம்பா கியாரா பூங்கா, அதை ஒட்டி வசதியானவர்கள் வாழும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்.

2017 ஜூலையில் மாநகர் மன்றம் மேம்பாட்டு ஆணை கொடுத்தது. ஒரு 29 மாடிக் கட்டடத்தில் 350 மலிவு விலை வீடுகள். ஆஹா, கடைசியில் வந்துவிட்டதே என்றுதான் யாருக்கும் தோன்றும். அடுத்த வரியைப் படியுங்கள்: அதோடு சேர்த்து 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கோபுரங்கள், அவற்றில் 1,766 சர்வீஸ் அபார்ட்மென்ட்கள். இடம், பூங்காவின் கிட்டத்தட்ட பாதி.

அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் 2017 ஆகஸ்டில் இந்த ஆணையை எதிர்த்து நீதித்துறைச் சீராய்வு மனுவோடு நீதிமன்றப் படியேறினார்கள். வழக்கின் பெயரிலேயே ஒரு கொண்டோவின் நிர்வாகக் கழகம் இருக்கிறது, பாருங்கள்! 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. கடைசியாகக் கூட்டரசு நீதிமன்றம், 2023 ஏப்ரல் 18. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

சட்டத் தீர்ப்பு என்றால் கொட்டாவி வரும் என்று நினைக்கிறீர்களா? இது அப்படியில்லை. மூடிய கோப்பு நீதிமன்ற மேசையில் விரிந்து கிடக்கிறது. நீதிபதிகள் ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறார்கள். நகரத்தின் கட்டமைப்புத் திட்டம் அந்த இடத்தைப் பொதுமக்களுக்கான பூங்காவெளியாகக் காட்டுகிறது. அப்படியானால் அதிலிருந்து விலகியதற்குக் காரணம் எங்கே? திட்டம் என்பது விருப்பப்பட்டால் பார்த்துக்கொள்ளும் காகிதம் இல்லை, சட்டத்தின் பலம் உள்ளது என்கிறது நீதிமன்றம். விலக நினைத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்படும் அண்டை நிலத்தவர்களை உண்மையாகவே கேட்டாக வேண்டும்.

இன்னொரு தாள் வருகிறது, இதில்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் பெயரில். அந்த அறவாரியத்தின் அறங்காவலர் குழுவில் ஒருவர் டத்தோ பண்டார். விண்ணப்பத்தின் பக்கமும் அவர், அனுமதி கொடுக்கும் பக்கமும் அவர்! இது நலன் முரண் என்றது நீதிமன்றம். ஆணை செல்லாது என்ற முடிவு உறுதியானது.

பூங்காவுக்காகப் போராடியவர்கள் கொண்டாடினார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் இத்தனை வருட வழக்கில் நீண்ட வீட்டு மக்கள் இருந்த இடம் என் நெஞ்சை அறுக்கிறது. கோபுரங்களுக்கு அவர்களுடைய வீடுதான் நியாயமாகக் காட்டப்பட்டது. ஆணை ரத்தானபோது அவர்களின் வீடும் கூடவே போனது. 350 வீடுகளை 1,766 வீடுகளோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும்? அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே தனியாகக் கட்டிக் கொடுங்கள் என்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்காரர்களே சொல்லிவந்தார்களே! அதைச் செய்திருந்தால் பூங்காவும் பிழைத்திருக்கும், தோட்டத்து மக்களும் எப்போதோ சாவியை வாங்கியிருப்பார்கள். இது என் உறுதியான கருத்து.

இந்தத் தீர்ப்பால் நம் கைக்கு ஒரு திறவுகோல் வந்திருக்கிறது. உங்கள் தாமானில் அறிவிப்புப் பலகை நட்டால், நின்று படியுங்கள்; எத்தனை மாடி, யார் நிலம், திட்டத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பாருங்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள், கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள், அனுமதி வந்தால் காரணத்தைக் கேளுங்கள். போகும்போது வீடு இல்லாமல் காத்திருப்பவர்களையும் அழைத்துப் போய், அவர்களை முதலில் பேச விடுங்கள்.